பல்லைப் பார்த்தா விலை, ஆளைப் பார்த்தா?

சென்ற மாதம் ஒரே பல்லுக்கு இரண்டு விலை கேட்டேன். ஒரே சிகிச்சை நிலையம், ஒரே நாற்காலி, ஒரே வைத்தியர். முதல் முறை 24,000 ரூபா. பதினொரு நாள் கழித்து 40,000 ரூபா. இடையில் அந்தப் பல்லில் ஒரு மாற்றமும் இல்லை. உடன் சென்றவர்தான் மாறியிருந்தார்.

பல் என்னுடையதன்று. என்னுடையவை பெரும்பாலும் போய்விட்டன. கட்டுப்பல்லோடுதான் காலம் ஓடுகிறது. இது என் தம்பி முறையான ஒருவரின் மகளுடைய பல். படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கம் வீடு. வந்தாறுமூலையில் பட்டம் முடித்துவிட்டு நேர்முகத் தேர்வுக்குக் காத்திருக்கும் பிள்ளை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சைக்கிளில் வரும்போது வீதிக் குழியில் விழுந்து மேல்வரிசை முன் பல் பாதியாக உடைந்தது. அரச வைத்தியசாலை ஒன்றில் வேர்ச் சிகிச்சையைச் செவ்வனே செய்தார்கள். ஐந்து முறை போய்வந்தாள். ஒரு சதம் வாங்கவில்லை. நன்றி சொல்லவேண்டிய இடத்தில் நன்றி சொல்லிவிட வேண்டும். ஆனால் நரம்பு இறந்த பல் மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாயிற்று. அதன்மேல் 'குரவுண்' எனப்படும் மூடி போட வேண்டும் என்றபோது, "அது அழகு வேலை பிள்ளை, வெளியிலே பாருங்க" என்று துண்டை மடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த 'அழகு வேலை' என்ற சொல்லிடம் பிறகு வருகிறேன். அதற்கு ஒரு பெரிய கணக்கு பாக்கி இருக்கிறது.

வெளியில் பார்த்தோம். மட்டக்களப்பு - கல்முனை நெடுஞ்சாலையில், களுவாஞ்சிக்குடியிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு தனியார் சிகிச்சை நிலையம். பெயர் சொல்லப்போவதில்லை, என் வழக்கு ஒருவரோடு இல்லை. முதல் நாள் நானும் அவளும் பஸ்ஸில் போனோம். அவள் பட்டிருப்புப் பாலம் கடந்து வந்து களுவாஞ்சிக்குடிச் சந்தியில் என்னோடு ஏறிக்கொண்டாள். வைத்தியர் பார்த்தார், 24,000 என்றார். பணம் திரட்ட வேண்டும் என்று திரும்பிவிட்டோம். அடுத்த கிழமை கனடாவிலிருந்து அவளுடைய தாய்மாமன் விடுமுறைக்கு வந்தார். எனக்கு மச்சான் முறை. "இதுக்கா இவ்வளவு யோசிக்கிறீங்க, நான் கட்டுறன் மச்சான்" என்று வாடகைக் காரில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனார். கழுத்தில் சங்கிலி, கையில் புதுத் தொலைபேசி, வாய் நிறைய ஆங்கிலம். நான் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டேன். நாற்பது ஆண்டுகள் நிருபராக இருந்தவனுக்கு எவர் கண்ணிலும் படாமல் உட்காரத் தெரியும்.

விலை 40,000 என்றார்கள்.

எழுந்து போய்க் கேட்டேன். "ஐயா, போன கிழமை வேறு விலை சொன்னீர்களே?" சற்றே தடுமாறிவிட்டு, "அது வேற வகை, இது நல்ல வகை" என்றார் வரவேற்பு மேசையில் இருந்த பெண். அப்படியிருக்கலாம். உலோகத்தின்மேல் பீங்கான் பூசிய மூடிக்கும் முழுச் சேர்கோனியா மூடிக்கும் விலை வேறுதான். என் கேள்வி இதுதான்: பஸ்ஸில் வந்தபோது 'நல்ல வகை' ஒன்று இருக்கிறது என்பதை எங்களுக்கு ஏன் சொல்லவில்லை? காரில் வந்தபோது 'அந்த வகை'யும் இருக்கிறது என்பதை மச்சானுக்கு ஏன் சொல்லவில்லை?

ஆள் பாதி ஆடை பாதி என்று பழமொழி சொல்வார்கள். இங்கே ஆடைதான் முழுவதும்.

கோபம் தணிந்தபின் எனக்குத் தெரிந்த ஒரு பல் வைத்தியரிடம் போனேன். நேர்மையானவர், எங்கள் பக்கத்திலேயே தொழில் செய்கிறவர். அவர் சொன்னதையும் எழுதாவிட்டால் நான் பத்திரிகைக்காரன் அல்லன். அவருடைய நாற்காலி, எக்ஸ்ரே கருவி, கருவிகளைக் கிருமி நீக்கும் கொதிகலன் எல்லாம் கடனில் வாங்கியவை. மின்சாரம் போனால் ஜெனரேட்டர். பற்பசையைப் போல் குழாயில் வரும் அந்த வெள்ளை அடைப்புப் பொருளிலிருந்து டைட்டேனியத் திருகாணி வரை அனைத்தும் இறக்குமதி. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அன்று ஏறிய விலை பின்னர் ரூபா ஓரளவு மீண்டபோது அதே வேகத்தில் இறங்கவில்லை. மூடியை அவர் செய்வதில்லை. அச்செடுத்துக் கொழும்பிலுள்ள ஓர் ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறார், அங்கிருந்து பொதியில் வருகிறது. பொருந்தாவிட்டால் திரும்பவும் போகிறது.

கவனியுங்கள். கொழும்பு ஏழில் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கும் வைத்தியரும் இதே போன்ற ஆய்வுகூடத்தில்தான் மூடி செய்விக்கிறார். தொலைபேசியில் விசாரித்தேன், அங்கே ஒரு நிலையத்தில் 65,000 என்றார்கள். மூடியின் அடக்கவிலை ஏறத்தாழ ஒன்றுதான். மீதி கட்டட வாடகை, குளிரூட்டி, வாகனத் தரிப்பிடம், வைத்தியரின் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. இடத்துக்கு இடம் விலை மாறுவது இயற்கை. களுதாவளையில் வெற்றிலை ஒரு விலை, கொழும்பில் வேறு விலை. யாரும் அதற்காக வழக்குப் போடுவதில்லை.

சென்னையில் கொழும்பைவிடக் குறைவு என்று பலர் போகிறார்கள். அதற்கும் காரணம் உண்டு. இந்தியாவில் முந்நூறுக்கு மேற்பட்ட பல்மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னையில் அரசுக் கல்லூரி 1953இலேயே தொடங்கிவிட்டது. அதன்பின் தனியார் கல்லூரிகள் வரிசையாக வந்தன. தெருவுக்கு இரண்டு பல் வைத்தியர், பேட்டைக்கு ஓர் ஆய்வுகூடம். போட்டி விலையைக் குறைக்கிறது. இலங்கைக்கோ நெடுங்காலம் பேராதனை ஒன்றே ஒன்றுதான். அங்கிருந்து வெளிவரும் பிள்ளைகளில் எத்தனை பேர் படுவான்கரைக்கு வருவார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மலிவான இடத்தைத் தேடிப் போங்கள் என்று எளிதாகப் புத்தி சொல்கிறவர்கள் வழியின் விலையைக் கணக்கில் எடுப்பதில்லை. களுவாஞ்சிக்குடியிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ், விடிகாலையில் இறங்கினால் முகம் கழுவ இடமில்லை. மூடி போடுவதற்கு ஒரு முறை போனால் போதாது. அச்செடுக்க ஒரு முறை, பொருத்த ஒரு முறை, கடிக்கும்போது இடித்தால் இன்னொரு முறை. பெண் பிள்ளையைத் தனியே அனுப்ப மாட்டார்கள், ஆகவே இரண்டு பயணச்சீட்டு. தகப்பன் துணைக்குப் போனால் அவருடைய நாட்கூலியும் போயிற்று. சென்னை என்றால் கடவுச்சீட்டு, விசா, விமானம், அறை. குரவுண் மலிவு, வழிதான் விலை. வசதியுள்ளவனுக்கு மட்டுமே மலிவு மலிவாகக் கிடைக்கிறது.

இனி, 'அழகு வேலை'க்கு வருவோம்.

எது அழகு, எது சிகிச்சை? வேர்ச் சிகிச்சை செய்த, பாதி உடைந்த பல் பலவீனமானது. கடினமாக ஒன்றைக் கடித்தால் மீதியும் போகும். மூடி அதைக் காக்கிறது. அதே மூடி அழகாகவும் இருக்கிறது என்பதற்காக அது முகப்பூச்சு ஆகிவிடுமா? கடைவாய்ப் பல்லுக்குப் போட்டால் சிகிச்சை, முன் பல்லுக்குப் போட்டால் சிங்காரமா? அரச வைத்தியசாலைகளில் பிடுங்குதல், அடைத்தல், துப்புரவு செய்தல் பெரும்பாலும் கிடைக்கும். மூடி போன்ற வேலைகள் பெரிய வைத்தியசாலைகளின் சிறப்புப் பிரிவுகளில், நீண்ட வரிசையில். பிடுங்குவதற்கு வரிசை குறைவு. ஏழையின் முன் பல்லுக்குக் கடைசியில் கிடைக்கும் இலவச வைத்தியம் குறடுதான்.

இன்னும் ஒன்று. வடமத்திய மாகாணத்திலும் கிழக்கின் உட்பகுதிகள் சிலவற்றிலும் கிணற்று நீரில் புளோரைட்டு மிகுதி. உலக சுகாதார நிறுவனம் ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. பால்பல் விழுந்து புதுப்பல் முளைப்பதற்கு முன்பே, தாடைக்குள் பல் உருவாகும் வயதில் அந்த நீரைக் குடித்த குழந்தைகளுக்குப் பல் வெண்புள்ளி விழுந்தோ, பழுப்பேறியோ, குழி விழுந்தோ முளைக்கிறது. தேய்த்தால் போகாது. நேற்று வரை அது தலையெழுத்து என்றிருந்தோம். இன்று வெளுப்பிக்கலாம், மேற்பரப்பைச் செப்பனிடலாம், மெல்லிய பீங்கான் ஓடு ஒட்டலாம். இவையெல்லாம் 'அழகு வேலை' என்ற பட்டியலில்தான் இருக்கின்றன. குழாய்நீர் கொடுக்காத அரசு, கிணற்று நீர் கெடுத்த பல்லைப் பார்த்து 'அது அழகு' என்கிறது!

நான் பிரதேச நிருபராக இருந்த காலத்தில் புகைப்படம் சேகரிப்பதும் என் வேலை. பரீட்சையில் சித்தியெய்தியவர், விளையாட்டில் பரிசு பெற்றவர், காணாமற்போனவர் - எல்லோருடைய படத்தையும் வீடு வீடாகப் போய் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புவேன். ஒன்று கவனித்திருக்கிறேன். உள்ளூர்களிலிருந்து வரும் பெண் பிள்ளைகளின் படங்களில் வாய் மூடியே இருக்கும். நான் அதை அடக்கம் என்று நினைத்தேன். படக்காரர் ஒருவர்தான் சொன்னார், "அடக்கமுமில்லை ஒண்ணுமில்லை, பல்லுத் தெரியுமெண்டு." பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். என் மகள் முறையான இந்தப் பிள்ளை பேசும்போது கை தானாக மேலுதட்டுக்குப் போகிறது. நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவர்கள் அதைத் தயக்கம் என்று எழுதுவார்களா, பல் என்று எழுதுவார்களா?

பல்லுக்காக ஓர் அமைச்சர் பதவி துறந்த கதை உண்டு. பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை 1948இல் தொடங்கியபோது கட்டுப்பல்லும் இலவசம். 1951இல் கட்டுப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க முடிவு செய்தார்கள். அந்தச் சேவையைக் கட்டியெழுப்பிய அனூரின் பெவன் அமைச்சர் பதவியை விட்டு வெளியேறினார். கட்டணம் நிலைத்துவிட்டது என்பது வேறு கதை. ஆயினும் அங்கே ஒரு வசதி இருக்கிறது. இங்கிலாந்தில் அந்தச் சேவையின் கீழ் மூடியோ, கட்டுப்பல்லோ செய்தால் நோயாளி செலுத்தவேண்டிய தொகை 2025 ஏப்ரலில் 326 பவுண் 70 பென்ஸ் என நிர்ணயிக்கப்பட்டது. லண்டனிலும் அதுதான், கடைக்கோடிக் கடற்கரைக் கிராமத்திலும் அதுதான். வெளுப்பித்தல் போன்றவை அதில் அடங்கா. அந்தச் சேவையில் இடம் தரும் பல் வைத்தியரைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு என்று அங்குள்ள நண்பர்கள் புலம்புகிறார்கள். துருக்கிக்குப் பறந்து நல்ல பற்களையெல்லாம் அராவி மூடி போட்டுக்கொண்டு, பின்னர் வேதனையோடு திரும்பி வருகிறவர்கள் கதையும் நிறைய. சொர்க்கம் எங்கும் இல்லை.

ஆனால் தனியார் வைத்தியருக்கும் சேர்த்து அங்கே ஒரு விதி இருக்கிறது. பல்மருத்துவத் தொழிலாளரைப் பதிவுசெய்யும் பேரவை 2013இல் வெளியிட்ட ஒழுக்க நெறிகளில் அது தெளிவாக உள்ளது: எளிய விலைப்பட்டியல் ஒன்றை வரவேற்பிடத்திலோ காத்திருக்கும் இடத்திலோ எல்லோரும் காணும்படி வைக்க வேண்டும். கனடாவின் ஒன்ராறியோவில் பல் வைத்தியர் சங்கம் ஆண்டுதோறும் கட்டண வழிகாட்டி வெளியிடுகிறது. கட்டாயமில்லை, ஆனால் அளவுகோல் ஒன்று இருக்கிறது. கூடினால் ஏன் கூடியது என்று கேட்கலாம்.

நம் நாட்டில்? பலசரக்குக் கடைக்காரர் பருப்பின் விலையைக் கடையில் எழுதி வைக்காவிட்டால் 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் போக வேண்டும். பருப்புக்கு இருக்கும் பாதுகாப்பு பல்லுக்கு இல்லை. தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிவுசெய்ய 2006இல் சட்டம் வந்தது. சுவரில் பதிவுச் சான்றிதழ் தொங்குகிறது. அதன் பக்கத்தில் விலைப்பலகை தொங்க எவ்வளவு ஆணி செலவாகும்?

முடியாது என்று சொல்லாதீர்கள். இந்த நாட்டில்தான் சேனக பிபிலே இருந்தார். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகி, ஒரே மருந்து பல வர்த்தகப் பெயர்களில் பல விலைக்கு விற்கப்படுவதை உடைத்துக் காட்டியது. 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதித்தார்கள். டெங்குக் காய்ச்சலுக்கான இரத்தப் பரிசோதனைக்கும் உச்ச விலை வந்தது. தனியார் வைத்தியசாலைகள் மூடப்பட்டுவிடவில்லை. நான் பல்லுக்கு உச்ச விலைகூடக் கேட்கவில்லை. எழுதி வை என்றுதான் கேட்கிறேன். கொழும்பில் 65,000 என்றால் 65,000 என்று எழுதி வை. களுவாஞ்சிக்குடியில் 24,000 என்றால் அதை எழுதி வை. இரண்டு வகை மூடி இருந்தால் இரண்டையும் எழுதி வை. வெளிநாட்டிலிருந்து வருகிறவரிடம் கூடுதலாக வாங்குவதுதான் நியாயம் என்று நினைத்தால் அதையும் எழுதி வை! சிகிரியாவில் வெளிநாட்டவருக்கு வேறு கட்டணம். மறைக்கவில்லை, எழுதித்தான் வைத்திருக்கிறார்கள்.

விடுமுறைக்கு வரும் அன்பர்களுக்கும் ஒரு சொல். மச்சானிடம் நேரிலேயே சொன்னேன், ஆகவே இங்கும் சொல்லலாம். ஒரு விலையைக் கேட்டதும் அதைப் பவுணாகவும் டொலராகவும் மாற்றி, "அட, அங்கே இதைப்போல் எத்தனை மடங்கு!" என்று சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுக்கிறீர்கள். உங்களுக்கு அது மிச்சம். ஆவணியில் நீங்கள் சிரித்துக் கொடுத்த விலை, நீங்கள் விமானம் ஏறியபின் கார்த்திகையில் இங்கே இருக்கிறவனுக்கும் விலையாகிவிடுகிறது. பற்றுச்சீட்டு கேளுங்கள். என்ன பொருள், எந்த ஆய்வுகூடம், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் எழுத்தில் இல்லாமல் ஒரு பல்லைத் தொட விடுவீர்களா? மச்சான் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு, "சரிதான், அங்க எண்டா நான் கேட்டிருப்பன்" என்றார்.

விலை தெரியாத இடத்தில்தான் ஏமாற்றுக்காரன் கடை விரிக்கிறான். அழகு நிலையங்களில் பல் வெளுப்பித்தல், இணையத்தில் வாங்கி வீட்டிலேயே ஒட்டும் கவசம், அலங்காரத்துக்குக் கட்டும் கம்பி... பிரித்தானியாவில் 0.1 சதவீதத்துக்கு மேல் பெரொட்சைட்டு உள்ள பொருளைப் பல் வைத்தியத்துக்கு வெளியே பயன்படுத்தக் கூடாது. வைத்தியரும் 6 சதவீதத்தைத் தாண்ட முடியாது. நம் சந்தையில் போத்தலில் என்ன இருக்கிறது என்பதை விற்கிறவரே அறியார். ஆனால் அவர் விலையை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார். கூச்சப்படுகிற பிள்ளை எங்கே போகும்?

நிற்க. வாய்ச் சண்டையோடு விட்டுவிடக் கூடாது என்று, மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையில் ஐந்து நிலையங்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பினேன். மேல்வரிசை முன் பல், வேர்ச் சிகிச்சை முடிந்தது, மூடிக்கு என்ன வகை, என்ன விலை, எத்தனை வருகை, எவ்வளவு காலம் பொறுப்பு - எழுத்தில் தரவும். இரண்டு இடங்களிலிருந்து பதிலே இல்லை. ஓரிடத்தில் "நேரில வாங்க ஐயா, பேசிச் செய்வம்" என்றார்கள். (பேசிச் செய்வதற்கு இதென்ன கல்யாணப் பேச்சா?) இன்னோரிடத்திலிருந்து விலை மட்டும் வந்தது, வகை இல்லை. ஐந்தாவது, நான் முன்பு சொன்ன நேர்மையானவரைவிடவும் வயதில் இளையவர் ஒருவர். அவர் அரைப் பக்கத் தாளில் இரண்டு வகையையும், இரண்டு விலையையும், ஆய்வுகூடத்தின் பெயரையும் எழுதி, கீழே கையெழுத்தும் பதிவிலக்கமும் இட்டு அனுப்பியிருக்கிறார். குறைந்த வகை 26,500. நாங்கள் முதலில் கேட்டதைவிட 2,500 ரூபா கூடுதல்.

பிள்ளை அந்தத் தாளை இரண்டு முறை வாசித்துவிட்டு, "இதுக்குத்தான் போவம் பெரியப்பா" என்றாள். வரும் வெள்ளிக்கிழமை அச்செடுக்கிறார்கள். நேர்முகத் தேர்வு அதற்கு மறு மாதம். வேலை முடிந்து பற்றுச்சீட்டு கைக்கு வந்ததும், தாளில் எழுதிய தொகையும் வாங்கிய தொகையும் ஒன்றுதானா என்று இங்கே எழுதுகிறேன்.